இரட்டித்து விழும் எழுத்து

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? உங்களை இனி எப்படி அழைப்பது என்று நிறைய யோசித்தேன். "தம்பி" என்று எழுதிப் பார்த்தேன், பஸ்ஸில் சில்லறை கேட்பது போலிருந்தது. கோர்ட் பிரித்தது உங்களையும் என் மகளையும்தான். என் வாயை அது ஒன்றும் கட்டவில்லை.

உங்கள் அண்ணனை நச்சரித்து இந்த முகவரியை வாங்கினேன். போன் நம்பரும் கொடுத்தார். ஆனால் போனில் நீங்கள் "ம்" என்பதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. கையில் காகிதம் இருந்தால்தான் உங்களுக்குப் பேச்சு வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ரிட்டயர் ஆன வருஷம் ஆபீஸில் ஏலம் போட்டார்களே, அந்தக் கரண்ட் டைப்ரைட்டர் ஞாபகம் இருக்கிறதா? அன்றிலிருந்து கட்டிலுக்கடியில் கிடந்தது. போன வாரம் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவும் நானுமாக இழுத்து மேஜைமேல் ஏற்றினோம். பிளக்கைச் செருகினால் உறுமுகிறது. எழுத்து ஒன்றுகூட எழும்பவில்லை. கடைக்காரனைக் கூட்டி வந்தேன். "இத எடைக்குப் போட்டுடுங்கம்மா, இரும்பு நல்லா கனமா இருக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனான்.

திடீரென்று எதற்கு என்று கேட்பீர்கள். ஹவுசிங் போர்டுக்கு எழுதும் மனுக்கள்தான். மாடிப்படி விளக்கு எரியவில்லை, முனையில் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது. நான் எழுதாவிட்டால் இந்தத் தெருவில் எவன் எழுதுவான்? டைப் அடித்த மனு என்றால் அதற்கு ஒரு மரியாதை. மகள் அவளுடைய பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். அதன் எதிரில் உட்கார்ந்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது. துணி போட்டு மூடிவிட்டேன்.

அவளுக்கு இந்தக் கடிதம் பற்றித் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் பேனாவைத் திட்டுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உங்கள்
அத்தை

மார்ச் 12

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். வாட்ச்மேன் கவரைக் கொடுத்தபோது மேலிருந்த கையெழுத்தைப் பார்த்து யாரென்று தெரியவில்லை. உள்ளே நாலு வரி திட்டைப் படித்ததும் தெரிந்துவிட்டது.

நான் நலம். இங்கே அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருக்கிறேன். ஒரு லாரி டிரைவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருக்கிறேன். அவர் ஊரில் இருந்தால் குறட்டை, இல்லாவிட்டால் நிசப்தம். இரண்டிலும் தூக்கம் வருவதில்லை. பையிலிருந்து துணிகளை இன்னும் எடுத்து அடுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அடுக்கலாம் என்று நினைக்கிறேன், பிறகு வெளியே நடக்கப் போய்விடுகிறேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். உறுமுகிறது என்றால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, சுற்றத்தான் முடியவில்லை என்று அர்த்தம். அப்படியே விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். பிடுங்கிய உடனே உள்ளே கை வைக்க வேண்டாம், கொஞ்ச நேரம் போகட்டும். பிறகு பின்மூடியைக் கழற்றினால் குறுக்கே நீளமாக ஒரு கறுப்பு ரப்பர் ரோலர் தெரியும். மோட்டாரிலிருந்து ஒரு பெல்ட் அதைச் சுற்றிவிடும். நீங்கள் கீயைத் தொட்டதும், அந்தக் கீயின் பல் ரோலரைக் கடித்து எழுத்தைத் தூக்கி அடிக்கும். விரல் தொட்டால் போதும், பலமெல்லாம் மோட்டாருடையது.

பெல்ட் உருகியிருக்கும், அல்லது காய்ந்திருக்கும். பழைய எண்ணெய் பசையாகியிருக்கும். பல்துலக்கும் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டு எழுத்துக் கம்பிகளைத் தேயுங்கள். ரப்பரில் ஸ்பிரிட் படக்கூடாது. சமையலறையிலிருந்து எந்த எண்ணெயையும் எடுத்து ஊற்றிவிடாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

வீட்டில் எல்லோரும் நலமா?

இப்படிக்கு,
மாப்பிள்ளை

மார்ச் 25

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

"வீட்டில் எல்லோரும் நலமா" என்று ஒரு வரி. இந்த வீட்டில் எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான். நீங்கள் கேட்க நினைத்தவள் நலம். ஆஸ்பத்திரி லேபில் இப்போது அவள்தான் சீனியர், ஊரார் ரத்தமெல்லாம் அவள் கையில்தான் இருக்கிறது. ஞாயிறுதோறும் வருகிறாள். பால் கெட்டுவிட்டதா என்று முகர்ந்து பார்க்கிறாள். "எங்கூட வந்துடும்மா, எதுக்கு இந்த மாடிப்படியெல்லாம்" என்கிறாள். அவள் வீட்டில் எனக்கு ஒரு அறை இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அங்கே போனால் செத்துப்போவேன் என்று சொல்ல மாட்டேன். சாகாமல் அப்படியே உட்கார்ந்திருப்பேன், அதுதான் பயம்.

மிஷினைத் திறந்தோம். பெல்ட் தாராக உருகி ஒட்டியிருந்தது. தையல்காரம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தியால் சுரண்டி எடுத்தாள். "இதென்னங்க, எலி செத்த மாதிரி" என்றாள். நான் பிரஷ் பிடித்தேன், அவள் திருப்புளி பிடித்தாள். அவளுடைய தையல் மிஷின் மோட்டார் பெல்ட் ஒன்று உபரியாக இருந்தது, மாட்டிப் பார்த்தோம். கொஞ்சம் முனகியது. அப்புறம் சுற்றியது! அந்தச் சத்தம் கேட்டு எனக்கு ஆபீஸே எதிரில் வந்து நின்றது போலிருந்தது. ரிப்பன் மட்டும் காய்ந்து கட்டையாகிவிட்டது. இங்கே எங்கேயும் கிடைக்கவில்லை. அனுப்ப முடியுமா?

துணிகளை எடுத்து அடுக்குங்கள். பையில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

அத்தை

ஏப்ரல் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஓடுகிறது! ஓடுகிறதுது! நீங்கள் அனுப்பிய ரிப்பன் வந்ததது. காலையிலிருந்து மேஜையை விட்டு எழவில்லை. மாடிப்படி விளக்குக்கு ஒன்று, சாக்கடை மூடிடிக்கு ஒன்று அடித்துவிட்டேன். தொட்டால் போதும், பறக்கிறது. சில எழுத்து மட்டும் இரண்டிரண்டாக விழுகிறதுது. மனுவில் அப்படி இருந்தால் குமாஸ்தா சிரரிப்பான். அதையும் சரரி செய்யச் சொல்லிக் கொடுங்கள். மிஷினுக்கு வயசாகிவிட்டடதல்லவா.

அத்ததை

ஏப்ரல் 13

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் டைப் கடிதத்தை லாரி டிரைவரிடம்கூடக் காட்டினேன். "யாரு, உங்க அம்மாவா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கினால் நேரமாகும்.

எழுத்து இரட்டிப்பதற்குக் காரணம் ஒரு ஸ்பிரிங்காக இருக்கலாம், ரோலரில் ஒரு இடம் கெட்டிப்பட்டிருக்கலாம். ஆனால் ஸ்பிரிங் கெட்டிருந்தால் அந்த ஒரு எழுத்து எப்போதும் இரட்டிக்கும். உங்கள் கடிதத்தில் ஒரே எழுத்து ஓரிடத்தில் ஒழுங்காக விழுகிறது, அடுத்த இடத்தில் இரண்டாக விழுகிறது. எனக்குப் பிடிபடவில்லை. கீகளுக்கு வலப்பக்கம் அடியில் ஒரு சின்னத் திருகு சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால் கீ கெட்டியாகும். திருப்பிவிட்டு, தையல்காரம்மாவை ஒரு பக்கம் அடிக்கச் சொல்லி அனுப்புங்கள். எதை வேண்டுமானாலும் அடிக்கட்டும்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சக்கரத்தைத் திருப்பினேன். நான் அடித்தால் அதே கதைதான். தையல்காரம்மா அடித்தது இத்துடன் இருக்கிறது. அவசரமாகத் தபால் பெட்டிக்கு ஓடுகிறேன், படித்துக்கூடப் பார்க்கவில்லை. சீக்கிரம் வழி சொல்லுங்கள்.

அத்தை

(இணைப்பு)

தோள் பதினாலு. கை நீளம் பத்து. இடுப்பு முப்பத்தி நாலு. வேற என்ன அடிக்கிறதுன்னு தெரியல. வெட்ட வேண்டிய துணி மலையா கிடக்கு, இவங்க விட மாட்டேங்கறாங்க. ஐயா நல்லா இருக்கீங்களா. அம்மா டீ குடுத்தாங்க, பாதி சாசர்ல இருந்துச்சு, ஆனா டீ நல்லா இருந்துச்சு. இப்போ ஒரு பக்கம் ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன். போறேன்.

மே 1

அன்புள்ள அத்தைக்கு,

மிஷினில் பழுது இல்லை.

தையல்காரம்மாவின் பக்கத்தில் ஒரு எழுத்துகூட இரட்டிக்கவில்லை. உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரட்டித்தவை எல்லாம் வலது கை அடிக்கிற கீகள். முதல் வரிகளில் குறைவு, கீழே வர வர அதிகம். கவரின் மேல் கையெழுத்தைப் பார்த்து எனக்கு யாரென்று தெரியாமல் போனது பேனாவால் இல்லை, இல்லையா அத்தை? டீ ஏன் சாசரில் இருந்தது?

எத்தனை நாளாகக் கை நடுங்குகிறது என்று நான் கேட்கவில்லை. நான் டாக்டர் இல்லை. பழுதைத் தேடுவது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை. தேடினால் இங்கே வந்து நிற்கிறது.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எங்கள் தொழிற்சாலையில் மிஷின் பொத்தான்களின் மேல் துளையிட்ட தகடு ஒன்று வைத்திருக்கிறோம். கையுறை போட்ட கை இரண்டு பொத்தானை ஒன்றாக அழுத்திவிடாமல் இருக்க. அதேபோல உங்கள் கீகளுக்கு மேல் ஒரு தகடு செய்கிறேன். கையை அதன்மேல் ஊன்றிக்கொள்ளலாம், எவ்வளவு நடுங்கினாலும் கீயில் படாது. வேண்டிய துளைக்குள் ஒரு விரலை இறக்கினால் போதும், ஒரே எழுத்து விழும்.

துளைகள் அச்சாகப் பொருந்த வேண்டும். டேப்பால் அளந்தால் சரிவராது. நான் விட்டுவிட்டு வந்த கருவிப் பெட்டியில் மயிரிழை வரை அளக்கும் வெர்னியர் இருக்கும், அவள் தூக்கிப் போடாமல் இருந்தால். அதைப் பிடிக்க ஆடாத கை ஒன்று வேண்டும். அவள் வேலையே அதுதான்.

அவளிடம் சொல்லுங்கள், அத்தை.

மாப்பிள்ளை

மே 8

மாப்பிள்ளைக்கு,

மிஷினைப் பார்க்கச் சொன்னேன். என்னைப் பார்க்கச் சொன்னது யார்?

தெரிந்த அன்றைக்கே அவள் என் மூட்டையைக் கட்டிவிடுவாள். அப்புறம் அந்தச் சுவரைப் பார்த்த ஜன்னல்தான் எனக்கு. கையால் எழுதிய மனு ஒன்றைப் போர்டு ஆபீஸில் நீட்டினேன். அந்தக் குமாஸ்தா பக்கத்திலிருந்தவனிடம் காட்டி, "யாரோ கொழந்தை கிறுக்கியிருக்குப்பா" என்றான். நான் எதிரிலேயே நிற்கிறேன். முப்பது வருஷம் அந்த மாதிரி ஆபீஸ் ஒன்றை என் பத்து விரல்தான் நடத்தியது. அதனால்தான் மிஷினை வெளியே இழுத்தேன். இப்போது அதிலும் கண்டுபிடித்துவிட்டீர்கள். சந்தோஷமா?

உங்கள் தகடும் வேண்டாம், வெர்னியரும் வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.

அத்தை

மே 27

அன்புள்ள அத்தைக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள், எழுதுகிறேன். தபால்காரரின் சைக்கிளைக் கண்டால் மிஷினை அப்படியே விட்டுவிட்டு கேட்டுக்கு ஓடுகிறேன். "யாருக்குப்பா பிரசவம்?" என்று சூப்பர்வைசர் கேட்டார். வேலையில் மனம் நிற்கவில்லை. இன்று ஒரு நட்டை மாற்றிப் போட்டு ஒரு லைனையே நிறுத்திவிட்டேன்.

உங்கள் பயம் புரிகிறது. நான் அவளுக்கு எழுத மாட்டேன், போனும் செய்ய மாட்டேன். சொல்ல வேண்டியது நீங்கள்தான், சொல்லாமல் இருப்பதும் உங்கள் இஷ்டம். நீங்கள் தனியாகப் படி இறங்குவதை மட்டும் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. விளக்காவது போட்டார்களா?

மாப்பிள்ளை

ஜூன் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

விளக்குப் போட்டுவிட்டார்கள். எழுத்து இரட்டித்த மனுவுக்கே போட்டுவிட்டார்கள்.

சொல்லிவிட்டேன். ஞாயிறு வந்தாள். தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "உன் வீட்ல பழைய டூல் பாக்ஸ் ஒண்ணு இருக்கில்ல, அதுல வெர்னியர் இருக்கா?" என்று கேட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கு எதுக்கும்மா வெர்னியர்?"

பதிலுக்கு வலது கையை நீட்டிக் காட்டினேன். மறைக்காமல் நீட்டியது அதுதான் முதல் தடவை. அது தன் பாட்டுக்கு ஆடியது. அவள் வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி பார்க்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்போலேர்ந்து?"

"போன வருஷம்."

"வேற யாருக்குத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. உங்கள் கடிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மேலே இருந்த ஒன்றைப் பிரித்தாள். நின்றுகொண்டே படித்தாள். மடித்தாள். இன்னொன்றைத் தொடவில்லை.

"எங்கிட்ட நாலு வார்த்தை பேசாத மனுஷன் உனக்கு நாலு பக்கம் எழுதறாரா?" என்றாள். சத்தமே போடவில்லை. "அந்த வீட்ல நான் செவுத்தோட பேசிட்டிருந்தேன்மா. ஒரு நாள் என்ன யோசிக்கிறீங்கன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பாரு. அப்புறம் ஒரு நாள் பையோட நிப்பாரு, அடுத்த ஊர்ல வேலைன்னு. நீயும் உன் கையை அவருக்குத்தான் காட்டியிருக்க. நான் யாரு உனக்கு? ஞாயித்துக்கிழமை வந்து பாலை மோந்து பாக்கறவளா?"

அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். நீங்கள் என் மாப்பிள்ளையாக இருந்தபோது அவள் சொன்னதையெல்லாம் நான் சரியாகக் காதில் வாங்கவில்லையோ என்று தோன்றியது. நீங்கள் வருவீர்கள், மிக்ஸியைச் சரி செய்வீர்கள், குழாயைச் சரி செய்வீர்கள். தங்கமான பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன்.

மறுநாள் காலை வந்து நின்றாள். டாக்டரிடம் கூட்டிப் போனாள். நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்கள், போகாது, மெதுவாகத்தான் வளரும் என்றார்கள். மாத்திரை தந்தார்கள். வீடு திரும்பியதும் அவள் கைப்பையைத் திறந்து வெர்னியரை எடுத்தாள். துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு கீயாக அளந்தாள். அளவுத்தாள் இத்துடன் இருக்கிறது, அவள் எழுதியதுதான். என் மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

அத்தை

ஜூன் 24

அன்புள்ள அத்தைக்கு,

தகடு இத்துடன் வருகிறது. அலுமினியம். துளைகளின் விளிம்பை விரலில் உறுத்தாதபடி ராவியிருக்கிறேன். நாலு மூலையிலும் திருகுகள். அளவு எல்லாம் கச்சிதம், ஒன்றைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

அவள் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள்.

மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

மாப்பிள்ளை

ஜூலை 7

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இதைத் தகட்டின் மேல் கை வைத்து அடிக்கிறேன். ஒரு எழுத்தும் இரட்டிக்கவில்லை. மெதுவாகத்தான் போகிறது, விரலைத் துளையில் இறக்கி ஏற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் நான் நினைத்தது விழுகிறது. தகட்டை மாட்டியது அவள்தான். முழங்கால் போட்டு உட்கார்ந்து, நாலு திருகையும் முடுக்கிவிட்டு, "இப்ப அடிம்மா" என்றாள். அவள் பெயரைத்தான் அடித்தேன். காகிதத்தை உருவி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். நெடுநேரம் பாத்திரம் தேய்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.

"நீ அவருக்கு எழுதறத நான் தடுக்கலம்மா. அவரு கெட்டவர்னும் சொல்லல. ஆனா படி ஏறி வர்றப்பல்லாம் மேஜைமேல அவர் லெட்டர் இருக்குமோன்னு நினைச்சுக்கிட்டே வரேன். மூச்சு முட்டுது. கொஞ்சம் கொஞ்சமா நான் எந்திரிச்சு நின்னுருக்கேன்மா."

அவள் என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. தினமும் வேலை முடிந்து இங்கே வந்துவிட்டுப் போகிறேன் என்கிறாள், வந்தும் போகிறாள். இன்றைக்கும் வந்தாள். அந்தப் படியை அவள் நிம்மதியாக ஏறிவர வேண்டும், மாப்பிள்ளை. உங்களுக்குப் புரியும். நான் இந்த ஒரு பத்தியை அடிக்க மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன், கை நடுங்கி அல்ல.

உங்களைப் போல் என் வீட்டில் ஒருவர் இருந்ததில்லை. இனியும் இருக்கப் போவதில்லை. கோபத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ரிப்பனும் பெல்ட்டும் எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் எழுதிவிடுங்கள். இனி நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

நன்றாக இருங்கள்.

அத்தை

ஜூலை 16

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். கேட்டதை எழுதுகிறேன்.

கடையின் முகவரியைத் தனித்தாளில் தெளிவாக எழுதியிருக்கிறேன். முதலாளி காது கொஞ்சம் மந்தம், கடிதம் போட்டால் அனுப்பிவிடுவார். ரிப்பனின் அகலத்தையும் எழுதியிருக்கிறேன், அதைக் குறிப்பிட்டால் போதும். சரியான பெல்ட் இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தையல்காரம்மாவின் பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மாட்டுவது கஷ்டமில்லை: பின்மூடியைக் கழற்றி, மோட்டாரைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் தளர்ந்து கொடுக்கும். அளவெடுத்த கைக்கு இது ஒன்றுமே இல்லை.

தகட்டின் திருகுகள் அதிர்வில் தளரும். மாதம் ஒரு முறை முடுக்கச் சொல்லுங்கள். எண்ணெய் ஒரு சொட்டு போதும், மோட்டாரின் இரண்டு முனையில் மட்டும்.

எனக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். அறையை டிரைவரின் தம்பி எடுத்துக்கொள்கிறார். புது இடம் இன்னும் முடிவாகவில்லை, அதனால் முகவரி எழுதவில்லை.

அடித்து முடித்ததும் சுவிட்சை அணைக்க மறந்துவிடாதீர்கள். வெயில் விழுகிற ஜன்னலோரத்தில் மிஷினை வைக்க வேண்டாம், ரப்பர் காய்ந்துவிடும். சுவரோரமாக, அவள் உட்காரவும் இடம் விட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை